முதல் முறை மோவர் பிடிப்பவர்களுக்கு: கனடாவில் புல் வெட்டும் பருவம்

பனி உருகி முடிந்து, ஏப்ரல் கடைசியில் ரெண்டு மழை பெய்தால் போதும், இங்கே புல் விறுவிறுவென்று எழுந்துவிடும். அப்பார்ட்மென்ட்டில் இருந்து இந்த வருஷம்தான் வீட்டுக்கு மாறிய நாலைந்து பேர் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "அண்ணா, எந்த மோவர் வாங்குறது?" அதற்குப் பதில் கீழே வரும். அதற்கு முன்னால் அந்த மெஷினை எப்படிப் பிடிப்பது, எங்கே வைப்பது என்று எழுதிவிடுகிறேன். கடையில் இதை யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. கூட வரும் புத்தகத்தை நாமும் திறப்பதில்லை. நான் டொராண்டோவுக்குக் கிழக்கே ஏஜாக்ஸில் இருக்கிறேன், பதினொரு கோடையாகப் புல் வெட்டுகிறேன்.

ஏன் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன் என்றால், வந்த புதிதில் நான் ஒரு வீட்டின் பேஸ்மென்ட்டில் குடியிருந்தேன். வீட்டுக்கார அண்ணன் நிதானமான மனிதர். ஊரில் தினமும் அரிவாள் பிடித்தவர். ஒரு நாள் மழை விட்ட மறுநாள் காலையில் புல் வெட்டிக்கொண்டிருந்தார். ஈரப் புல் கட்டியாகத் திரண்டு, வெட்டிய புல் வெளியே வரும் பக்கவாட்டு வாயை அடைத்துவிட்டது. கைப்பிடியோடு சேர்த்துப் பிடிக்கும் கம்பியை விட்டார், இன்ஜின் சத்தம் இறங்கியது, குனிந்து அந்த வாய்க்குள் கையை விட்டார். பழைய மெஷின், சத்தம் அடங்கியும் பிளேடு நின்றிருக்கவில்லை. நடுவிரலிலும் மோதிர விரலிலும் நுனி போய்விட்டது. துண்டைச் சுற்றி அவரைக் காரில் ஏற்றியது நான்தான்.

அன்றிலிருந்து எனக்கு ஒன்று புரிந்தது. அரிவாள்மனையில் காய் நறுக்கும்போது கூர் நம் கண் முன்னால் நிற்கிறது. கை தானாகவே ஜாக்கிரதையாகிவிடுகிறது. மோவரில் பிளேடு கவிழ்த்த சட்டி போன்ற கவசத்துக்குள் இருக்கிறது. பார்க்க ஏதோ தள்ளுவண்டி மாதிரி தெரிகிறது. நம் கைக்கு அது கத்தி என்றே தோன்றுவதில்லை. அமெரிக்கத் தர விதியில் பிளேடு முனையின் வேகத்துக்கு வைத்திருக்கும் உச்சவரம்பு நிமிடத்துக்கு 19,000 அடி. கணக்குப் போட்டால் மணிக்கு 340 கிலோமீட்டருக்கு மேல். காலடியில் சுற்றுவது அதுதான்.

அதனால் இந்த ஒன்றை மட்டுமாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அடைப்பு எடுக்க, உயரம் பார்க்க, எதற்காகவும் அடியில் கை போகும் முன்னால் ஸ்பார்க் பிளக்கின் ஒயரைக் கழற்றிவிடுங்கள். இன்ஜின் முன்புறம் ரப்பர் தொப்பி போட்ட தடித்த ஒயர் ஒன்று இருக்கும், பிடித்து இழுத்தால் வந்துவிடும். அதைப் பிளக்கில் படாமல் தள்ளி வையுங்கள். பேட்டரி மெஷின் என்றால் சாவியையும் பேட்டரியையும் வெளியே எடுங்கள். இன்ஜின் நின்றிருந்தாலும் பிளேடைக் கையால் திருப்பினால் சில சமயம் இன்ஜின் ஒரு உதை உதைக்கும், அதற்காகத்தான் இது. அப்புறமும் புல்லைக் குச்சியால்தான் தள்ள வேண்டும், விரலால் அல்ல.

கைப்பிடியோடு சேர்த்து அழுத்திப் பிடிக்கும் கம்பியை விட்டால் மூன்று விநாடிக்குள் பிளேடு நிற்க வேண்டும். அமெரிக்காவில் 1982-லிருந்து இது கட்டாயம், இங்கே கடையில் விற்பவையும் பெரும்பாலும் அதே மாதிரி மெஷின்கள்தான். பழைய மோவரை யாரிடமாவது வாங்கினால் முதலில் இதைச் சோதியுங்கள். கை வலிக்கிறது என்று அந்தக் கம்பியைக் கயிற்றால் கட்டி வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிக் கட்டிய மெஷினை, சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

இனி வெட்டும் நாளுக்கு வருவோம். மெஷினை வெளியே எடுக்கும் முன்னால் வெறும் கையோடு புல்வெளியை ஒரு சுற்று நடந்து வாருங்கள். குறிப்பாக முதல் வெட்டுக்கு முன்னால். குளிர்காலம் முழுக்கப் பனியைத் தள்ளும்போது டிரைவ்வே ஓரத்துச் சரளைக் கல்லும் சேர்ந்து புல்லுக்குள் போயிருக்கும். ரோட்டோரப் புல்லில் இன்னும் அதிகம். என் இரண்டாவது கோடையில் கோலிக்குண்டு அளவு கல் ஒன்று தெறித்துப் பக்கத்து வீட்டு பேஸ்மென்ட் ஜன்னலில் பட்டது. கண்ணாடியில் சின்னதாக ஓர் ஓட்டை, அதைச் சுற்றிச் சிலந்தி வலை மாதிரி விரிசல். பத்து நிமிடம் முன்புவரை அவர்கள் வீட்டுப் பெண் குழந்தை அந்த ஜன்னலுக்கு வெளியேதான் உட்கார்ந்து சாக்பீஸில் படம் வரைந்துகொண்டிருந்தாள். அதனால்தான் சொல்கிறேன்: வெட்டும்போது குழந்தைகள் வீட்டுக்குள் இருக்கட்டும். "தள்ளி நிற்கிறான்" என்பது போதாது. பொம்மை, நாய் கடித்த எலும்பு, தண்ணீர்க் குழாய், கம்பித் துண்டு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்.

வீட்டு வாசலில் இருக்கிறோம் என்ற நினைப்பில் கைலியும் ஹவாய் செருப்புமாக இறங்கிவிடுவது நம் வழக்கம். தயவுசெய்து வேண்டாம். விரல் மூடிய, வழுக்காத ஷூ, முழுநீள பேன்ட், கண்ணுக்கு ஒரு பிளாஸ்டிக் கண்ணாடி. பெட்ரோல் மெஷின் என்றால் காதுக்கும் மூடி. பாட்டு கேட்கும் இயர்போன் இந்த வேலைக்கு ஆகாது. பின்னால் பிள்ளை வந்து கூப்பிட்டால் கேட்காது.

தள்ளும்போது முன்னோக்கியே தள்ளுங்கள். பின்னால் இழுத்துக்கொண்டே வருவதுதான் கால் மாட்டும் வழி. சரிவான இடத்தில் கையால் தள்ளும் மோவரைக் குறுக்காக ஓட்ட வேண்டும், மேலும் கீழுமாக அல்ல. வழுக்கினால் மெஷின் உங்கள் மேல் வராது. உட்கார்ந்து ஓட்டும் பெரிய மோவருக்கு இது நேர்மாறு, அதை மேலும் கீழுமாகத்தான் ஓட்ட வேண்டும். கரண்ட் ஒயர் போட்ட மோவர் என்றால் பிளக் இருக்கும் சுவரோரத்தில் தொடங்கி விலகிக்கொண்டே போங்கள், ஒயர் எப்போதும் வெட்டி முடித்த பக்கம் கிடக்கும்.

ஈரமாக இருந்தால் ஒரு நாள் பொறுத்திருங்கள். மேலே சொன்ன விபத்து ஒரு காரணம். ஈரப் புல் சரியாக வெட்டுப்படாது என்பதும் காரணம்தான்.

எவ்வளவு உயரம் விடுவது என்று பலருக்கும் குழப்பம். ஒட்ட வெட்டினால் அடுத்த வாரம் வேலை மிச்சம் என்று தோன்றும். ஆனால் ஒன்டாரியோவில் இருப்பது கென்டக்கி புளூகிராஸ், ஃபெஸ்க்யூ போன்ற குளிர்நிலப் புல் வகைகள். இவற்றை மூன்று அங்குலம் விட்டு வெட்டினால்தான் வேர் ஆழமாக இறங்கும், ஜூலை வெயிலைத் தாங்கும். ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். ஊருக்குப் போய் மூன்று வாரம் கழித்து வந்து காடாகக் கிடந்தால், உயரத்தை ஏற்றி வைத்து ஒரு வெட்டு, நாலு நாள் விட்டு இன்னொரு வெட்டு. இன்னொன்று: 2009-லிருந்து ஒன்டாரியோவில் வீட்டுப் புல்வெளிக்குப் பெரும்பாலான ரசாயனக் களைக்கொல்லிகளை அடிக்கத் தடை இருக்கிறது. மஞ்சள் பூ பூக்கும் டான்டிலயன் களையை அடக்க நம் கையில் இருக்கும் எளிய வழி அடர்ந்து உயர்ந்த புல்லின் நிழல்தான். ஒட்ட மழித்த புல்வெளியில் களைதான் முதலில் வரும். அதற்காக வளர விட்டுவிடவும் முடியாது, டொராண்டோவில் புல் 20 செ.மீ. தாண்டினால் நகராட்சி நோட்டீஸ் வரும். மற்ற ஊர்களுக்கும் இப்படி விதி உண்டு, மோவர் ஓட்டும் நேரத்துக்கும் உண்டு. உங்கள் ஊர் நகராட்சி தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வெட்டிய புல்லை அள்ள வேண்டாம். அப்படியே கிடந்து மக்கி உரமாகும். டொராண்டோவில் குப்பை வண்டியும் அதை எடுக்காது.

பெட்ரோல் மெஷின் வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். இங்கே கேஸ் என்றால் பெட்ரோல். 87 ஆக்டேன் ரெகுலர் போதும். எத்தனால் 10 சதவீதத்துக்கு மேல் கலந்தது வேண்டாம். இப்போது வரும் மோவர்கள் பெரும்பாலும் ஃபோர் ஸ்ட்ரோக், பெட்ரோலில் ஆயில் கலக்கக் கூடாது. ஆயிலுக்குத் தனி வாய் இருக்கும், சுமார் அரை லிட்டர் பிடிக்கும். புது மெஷின் பல நேரம் ஆயில் ஊற்றாமலேயே பெட்டியில் வரும். அப்படியே ஸ்டார்ட் செய்து முதல் நாளே இன்ஜினைத் தொலைத்தவர்கள் உண்டு.

பெட்ரோல் வாங்க சிவப்பு கேன். கேனைக் கார் டிக்கியிலேயே வைத்து நிரப்பாதீர்கள், தரையில் இறக்கி வைத்து நிரப்புங்கள். இல்லாவிட்டால் நிலைமின்சாரப் பொறி ஒன்று போதும். சூடான இன்ஜினில் பெட்ரோல் ஊற்றக் கூடாது. கால் மணி நேரம் ஆற விட்டு, வெட்டவெளியில் ஊற்றுங்கள். கராஜ் கதவு திறந்துதானே இருக்கிறது என்று உள்ளேயே ஸ்டார்ட் செய்து சோதிப்பதும் கூடாது. இங்கே கராஜ் வீட்டோடு ஒட்டியது, கார்பன் மோனாக்சைடு கதவிடுக்கு வழியாகச் சமையலறைக்கு வந்துவிடும். அதற்கு வாசனை கிடையாது. ஒன்டாரியோவில் இப்படிக் கராஜ் ஒட்டிய வீடுகளில் அதற்கான அலாரம் சட்டப்படி கட்டாயம். உங்கள் வீட்டில் இருக்கிறதா, பேட்டரி உயிரோடு இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

அக்டோபர் கடைசியில் அல்லது நவம்பர் தொடக்கத்தில் கடைசி வெட்டு முடியும். அப்போது அரை மணி நேரம் செலவழித்தால் வசந்தத்தில் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை நோகாது. பெட்ரோல் ஒரு மாதத்திலேயே கெடத் தொடங்கும். என் முதல் மோவரில் பாதி டாங்க் பெட்ரோலோடு ஐந்து மாதம் விட்டிருந்தேன். மே மாதம் பக்கத்து வீட்டுப் பெரியவர் கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்தைக் கழற்றிக் காட்டினார். அடியில் கருப்பட்டிப் பாகு மாதிரி பழுப்பாகப் பிசுபிசுவென்று ஒரு படலம். ஊசித் துவாரத்தை அது அடைத்திருந்தது. மெல்லிய கம்பியும் கிளீனரும் வைத்து ஒரு மணி நேரம் குத்தி எடுத்தார். அதனால் ஒன்று, டாங்க் காலியாகி இன்ஜின் தானே நிற்கும்வரை ஓட விடுங்கள். இல்லை, புது பெட்ரோலில் அது கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் கலந்து நிரப்பி, பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள்.

அப்புறம் ஆயில் மாற்றுங்கள். பிளக் ஒயரைக் கழற்றிவிட்டு அடியில் ஒட்டிக் காய்ந்த புல்லைச் சுரண்டுங்கள். மெஷினைச் சாய்க்கும்போது ஏர் ஃபில்டர் இருக்கும் பக்கம் மேலே இருக்க வேண்டும். மாறிப் போனால் ஆயில் ஃபில்டருக்குள் இறங்கிவிடும், ஸ்டார்ட் செய்தால் வெள்ளைப் புகை கக்கும். பிளேடைத் தடித்த கையுறை போட்டுக் கழற்றி, சாணை பிடித்து, நடு ஓட்டையில் ஆணி மாட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கத்தை இன்னும் கொஞ்சம் தேய்க்க வேண்டும். பிளேடு மழுங்கியதற்கு அடையாளம் புல்லிலேயே தெரியும்: நுனி வெட்டுப்படாமல் கிழிந்து, இரண்டு நாளில் வெள்ளையாகக் காய்ந்திருக்கும். பழைய ஆயிலையும் கெட்ட பெட்ரோலையும் சாக்கடையில் ஊற்றாமல், நகராட்சியின் அபாயக் கழிவு எடுக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

---

இதற்கு வந்த கேள்விகளுக்கு:

டவுன்ஹவுஸின் சின்னப் புல்வெளிக்கு எந்த மோவர் என்று கேட்ட தங்கைக்கு: அந்த அளவுக்கு மோட்டாரே வேண்டாம். கையால் தள்ளும் உருளை மோவர் போதும், ஆனால் வாரம் தவறாமல் வெட்ட வேண்டும். தள்ளச் சிரமம் என்றால் பேட்டரி மோவர் வாங்குங்கள், நிமிர்த்தி மடித்து வைக்கும் மாடலாக. கராஜும் ஷெட்டும் இல்லாத வீட்டுக்குப் பெட்ரோல் மோவர் வேண்டவே வேண்டாம். அதை பேஸ்மென்ட்டில் வைக்க முடியாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழ்ந்து போய், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ், வாட்டர் ஹீட்டர் நெருப்பைத் தொட்டுவிடும். கேனுக்கும் இதேதான்.

பேட்டரி மோவரைக் குளிர்காலத்தில் எப்படி வைப்பது என்று கேட்ட தம்பிக்கு: மெஷின் வெளியே ஷெட்டில் இருக்கலாம், பேட்டரி வீட்டுக்குள் வர வேண்டும். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் செய்யக் கூடாது. குளிர்காலம் முழுக்கச் சார்ஜரிலேயே விட்டுவைக்காமல், ஏறக்குறைய பாதிச் சார்ஜில் கழற்றி வையுங்கள். கழுவுகிறேன் என்று பேட்டரி மோவர் மேல் தண்ணீர் பீய்ச்ச வேண்டாம், துணியும் பிரஷ்ஷும் போதும்.

பத்து வயது மகன் தானே தள்ளுகிறேன் என்று அடம் பிடிப்பதாக எழுதிய அக்காவுக்கு: இன்னும் இரண்டு வருஷம் போகட்டும் அக்கா. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் தள்ளும் மோவருக்குக் குறைந்தது 12 வயது, உட்கார்ந்து ஓட்டுவதற்கு 16 வயது என்கிறது. இப்போதைக்குக் கல் பொறுக்கும் வேலையை அவனிடம் கொடுங்கள். என் மகளுக்கும் அதுதான் வேலை, ஒரு சின்ன வாளியோடு வருவாள்.

கராஜில் வைக்கலாமா என்று கேட்டவருக்கு: தாராளமாக. ஆனால் வெட்டி முடித்ததும் நேராக உள்ளே தள்ளாதீர்கள். சைலன்ஸர் கொதித்துக்கொண்டிருக்கும், பக்கத்தில் அட்டைப்பெட்டி இருந்தால் வம்பு. வெளியே ஆறவிட்டு வையுங்கள். குளிர்காலத்துக்கு மூடும்போது பிளக் ஒயரைக் கழற்றியே விடுவேன். கைப்பிடியில் ஒரு அட்டையைக் கட்டி, ஆயில் மாற்றிய தேதி, பிளேடு சாணை பிடித்த தேதி, "ஒயர் மாட்டவில்லை" என்று மூன்று வரி எழுதித் தொங்கவிடுவேன். மே மாதம் அந்த அட்டையைப் படித்த பிறகுதான் மெஷினைத் தொடுவது.