மொகதிசுவில் எத்தியோப்பிய ஆமி: வந்தது பிழையா, போனது பிழையா?

கோல்ரோட்டுக்காரன் (வெள்ளவத்தை) | இரவு 8.40

பழைய திரியொன்றில் ஆனைவாழைத் தங்கச்சி, "அந்நிய ராணுவம் தூக்கிவந்து இருத்திய அரசாங்கம் எங்கேயும் சொந்தக் காலில் நின்றதில்லை, சோமாலியாவைப் பாருங்கள்" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போயிருந்தார். பார்க்கத்தானே சொன்னார், பார்த்தேன். எனக்குத் தெரிவது வேறு.

1991 ஜனவரியில் சோமாலியாவை ஆண்ட சர்வாதிகாரி சியாட் பாரே தலைநகர் மொகதிசுவை விட்டு ஓடினார். அதன் பிறகு ஆளுக்கொரு தெரு, தெருவுக்கொரு சண்டியன். 2004இல் கென்யாவில் வைத்து ஓர் இடைக்கால அரசாங்கத்தை உருவாக்கினார்கள். 275 எம்பிக்கள், அப்துல்லாஹி யூசுப் ஜனாதிபதி, எல்லாம் சரி. ஆனால் தலைநகருக்குள் கால் வைக்க முடியவில்லை. 2006 பெப்ரவரியில் பைதோவா என்ற ஊரில் பாராளுமன்றம் கூடியது ஒரு தானியக் கிடங்கில். மூட்டை அடுக்கிய இடத்தில் எம்பிமார்! அந்த ஜூனில் இஸ்லாமிய நீதிமன்றங்கள் ஒன்றியம், அதாவது மார்க்கச் சட்டப்படி தீர்ப்புச் சொன்ன, ஆயுதம் ஏந்திய உள்ளூர் நீதிமன்றங்களின் கூட்டு, மொகதிசுவைப் பிடித்தது. டிசம்பரில் அரசாங்கத்துக்குத் துணையாக எத்தியோப்பிய யுத்தத் தாங்கிகள் வந்திராவிட்டால் அந்தக் கிடங்கும் போயிருக்கும். டிசம்பர் 28 மொகதிசு விழுந்தது. ஜனவரி 8 அன்று யூசுப், ஜனாதிபதியாகி இரண்டு வருஷம் கழித்து, முதல் தடவையாகத் தன் தலைநகருக்குள் போனார்.

2009 ஜனவரியில் எத்தியோப்பியா வெளியேறியது. பைதோவாவை விட்டு அவர்கள் போன கையோடு அல் ஷபாப் என்ற இஸ்லாமிய ஆயுதக் குழு உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. ஆகவே என் கணக்கில் வந்தது பிழையில்லை. போனதுதான் பிழை.

ஆனைவாழை (பம்பலப்பிட்டி) | இரவு 9.15

ஐயா, பைதோவாக் கதை என் பக்கத்துச் சாட்சி. இரண்டு வருஷம் பக்கத்து நாட்டு ஆமி காவல் நின்றும், அது போன கையோடு ஊர் விழுகிறது என்றால் அந்த இரண்டு வருஷம் உள்ளே என்னதான் முளைத்தது?

2007 ஜனவரி முதலாம் திகதியே இடைக்கால அரசாங்கத்தின் பிரதமர், மூன்று நாளுக்குள் ஆயுதங்களை ஒப்படைக்கும்படி மொகதிசுக்காரருக்குக் கட்டளை போட்டார். கொண்டுவந்து கொடுத்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய பேர். கட்டளையை ஒத்திவைத்தார்கள். நீதிமன்றத்துக்காரருடன் பேசிப் பார்க்கலாம் என்ற சபாநாயகரை அதே மாதம் பதவியிலிருந்து தூக்கினார்கள். பேசுவதற்கு இருந்த ஒரு வாசலையும் தாங்களே சாத்தினார்கள்.

வந்தது யார் என்பதும் முக்கியம். 1977-78இல் ஒகாடன் நிலத்துக்காகச் சோமாலியாவோடு யுத்தம் செய்த நாடு. அந்த யுத்தத்தை நேரில் கண்டவர்கள் வாசலில் நின்று அதே கொடி வருவதைப் பார்க்கிறார்கள். யூசுப்பின் பலம் வடகிழக்கே புந்த்லாந்தில், தரோத் குலத்தில். மொகதிசுவில் பெரும்பான்மை ஹவியே குலம். அவர்கள் கண்ணுக்கு அது அரசாங்கமாகத் தெரியவில்லை, எதிர்க் குலம் அந்நியனைக் கூட்டிவந்ததாகத்தான் தெரிந்தது. அல் ஷபாப் அதுவரை நீதிமன்றங்களுக்குள் இருந்த ஒரு சின்ன இளைஞர் கோஷ்டி. அதை "தேசம் காக்கிறவர்கள்" ஆக்கிவிட்டது அந்தத் தாங்கிகள்தான்.

இன்னொன்று. 2006இல் விரட்டப்பட்ட நீதிமன்றங்களின் தலைவர் ஷேக் ஷரீப் அஹமத். 2009 ஜனவரி கடைசியில் அதே இடைக்கால அரசாங்கத்துக்கு ஜனாதிபதி யார்? அதே ஷேக் ஷரீப்! பக்கத்து நாடான ஜிபூத்தியில் கூடி எம்பிமார் தெரிவுசெய்தார்கள். அப்ப நடுவில் இத்தனை சனம் எதற்காகச் செத்தது, ஐயா?

புறக்கோட்டை நானா | இரவு 9.32

தங்கச்சி நீதிமன்றத்துக்காரருக்கு வெள்ளை அடிக்கவேண்டாம். அவர்கள் இருந்த காலத்தில் ஓர் ஊரில் உலகக் கிண்ண உதைபந்தாட்டம் பார்த்த கூட்டத்தில் இரண்டு பேரைச் சுட்டுக் கொன்றார்கள். காத் இலையைத் தடைசெய்தார்கள். அங்கே காத் என்பது நம் வெற்றிலை மாதிரி, மத்தியானமானால் வாய் தேடும்.

ஆனால் ஒரு வியாபாரியாகச் சொல்கிறேன். அவர்களை ஏற்றிவிட்டதில் மார்க்கம் பாதி, மொகதிசுவின் பகாரா சந்தை முதலாளிமாரின் காசு பாதி. சண்டியர்மார் ரோட்டை மறித்து மறித்துக் காசு பிடுங்கினார்கள். நீதிமன்றங்கள் மறியலைத் தூக்கின. 1995இலிருந்து மூடிக்கிடந்த விமானநிலையமும் துறைமுகமும் திறந்தன. ஆறே மாதம்தான். அந்த ஆறு மாதத்தை அங்குள்ளவர்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

நெறியாளர் | இரவு 9.41

நல்லாப் போகுது. இந்தியன் ஆமியை மட்டும் இங்கே இழுக்கவேண்டாம். போன மாதத் திரி 200 பதிவு தாண்டிப் பூட்டவேண்டி வந்தது.

கோல்ரோட்டுக்காரன் | இரவு 9.58

நெறியாளர் மன்னிக்கவேணும், இழுக்காமல் இதை எப்படிக் கதைக்கிறது? 1987 ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தம். மறுநாள் இதே கொழும்பில் ராஜீவ் காந்தியின் தோளில் கடற்படைச் சிப்பாய் ஒருவன் துப்பாக்கிப் பிடியால் அடித்தான். அடுத்த வருஷம் வடக்கு கிழக்கு மாகாண சபை, திருகோணமலையில். வாசலில் இந்திய ஆமி, உள்ளே நாற்காலி. கொழும்பு காசும் கொடுக்கவில்லை, அதிகாரமும் கொடுக்கவில்லை. ஜனாதிபதி பிரேமதாச இந்திய ஆமியை வெளியே போகச் சொன்னார், 1990 மார்ச் 24 கடைசிக் கப்பல் போனது. முதலமைச்சர் வரதராஜப்பெருமாளும் இந்தியா போய்விட்டார். சபைக்கு வேர் விட இன்னும் ஐந்து வருஷம் கிடைத்திருந்தால்? பைதோவாவும் அதுதான்.

பழைய போசன் (கொச்சிக்கடை) | இரவு 10.37

ஐயாவின் "இன்னும் ஐந்து வருஷம்" என்ற சொல்லுக்காகத்தான் எழுதுகிறேன். இவ்வளவு நேரமும் வாசித்துக்கொண்டுதான் இருந்தேன்.

அந்தச் சபைக்கு ஒரு படை தேவைப்பட்டது. 89இல் எங்கள் பக்கம் பிள்ளை பிடித்தார்கள். டியூஷன் முடிந்து சைக்கிளில் வந்த பொடியன்களை ஒழுங்கையில் வைத்து ஏற்றினார்கள். எனக்குப் பதினெட்டு. அம்மா மூன்று நாள் என்னைப் புகையிலைக் கொட்டிலில் மறைத்துவைத்து, பிறகு ஒரு லொறியில் கொழும்புக்கு அனுப்பினார். இங்கிருந்து கப்பல். முப்பது வருஷத்துக்கு மேல் கடல். ஐந்து வருஷம் கூடக் கிடைத்திருந்தால் இன்னும் பிள்ளை பிடித்திருப்பார்கள், வேறென்ன?

மொகதிசுவுக்கு நான் போனது 2016இல். சீமெந்து மூட்டை இறக்கினோம். கரையில் இறங்க விடவில்லை. அந்தப் பக்கக் கடலுக்கே எங்கள் ஆட்கள் பயந்த காலம். பயம் வீணில்லை. அடுத்த வருஷம் மார்ச்சில் ஜிபூத்தியிலிருந்து மொகதிசுவுக்கு எண்ணெய் ஏற்றிப்போன ஏரிஸ் 13 கப்பலை புந்த்லாந்துப் பக்கம் கடத்தினார்களே, அதில் இருந்த எட்டுப் பேரும் நம் நாட்டுக்காரர். கப்பம் கொடுக்காமலே நாலு நாளில் விட்டார்கள், அது வேறு கதை.

மூட்டை ஏற்ற வந்த லொறிக்காரர் ஒருவர் துபாயில் வேலை செய்தவர். அரைகுறை ஹிந்தி. எனக்கும் அதே அரைகுறை. ஏணிக்குக் கீழே நின்று இரண்டு நாள் கதைத்தோம், நான் பிளேன்டீ கொடுப்பேன். சட்டைப் பையிலிருந்து மடித்த துண்டொன்றை எடுத்துக் காட்டினார். இத்தனை மூட்டை, இந்த லொறி, இவ்வளவு காசு, ஒரு முத்திரை. அல் ஷபாப்காரர் கொடுத்த ரசீது. ஒரு சாவடியில் கட்டினால் மற்றச் சாவடிகளில் இதைக் காட்டிவிட்டுப் போகலாமாம், இன்னொரு தரம் கேட்கமாட்டார்களாம். அரசாங்கச் சீருடைக்காரர் நிற்கும் சாவடி எப்படி என்று கேட்டேன். கையை விரித்து ஒவ்வொரு விரலாக மடக்கிக் காட்டினார். ஒவ்வொரு சாவடிக்கும் புதிதாகக் கொடுக்கவேணும், துண்டு கிடையாது. சம்பளம் வராத ஆமிக்காரன் வேறென்ன செய்வான் என்றும் அவரே சொன்னார்.

எவன் நல்லவன் என்று அவர் சொல்லவேயில்லை, அதையும் எழுதவேண்டும். அவருடைய மச்சான் ஒருவரை அல் ஷபாப் கொன்றிருந்தது.

கோல்ரோட்டுக்காரன் | இரவு 10.55

போசன், மனதைத் தொட்டுவிட்டீர்கள். ஆனாலும் அது வரியில்லை, கப்பம். கட்டாதவனைக் கொல்கிறவன் ரசீது கொடுத்தால் என்ன, பூமாலை போட்டால் என்ன? 2017 அக்டோபரில் மொகதிசுச் சந்தியில் ஒரு லொறிக்குண்டு. 500 பேருக்கு மேல் செத்தார்கள்.

அதோடு ஒரு கேள்வி. 2011 ஆகஸ்டில் அல் ஷபாப் மொகதிசுவை விட்டுப் போனது சும்மாவா? உகண்டாவும் புருண்டியும் அனுப்பிய ஆமி தெருத் தெருவாகச் சண்டை பிடித்தது. அதுவும் அந்நிய ராணுவம்தானே, தங்கச்சி?

ஆனைவாழை | இரவு 11.10

ஓம், அது உண்மை. அந்தப் படை இல்லாவிட்டால் ஜனாதிபதி மாளிகையான வில்லா சோமாலியாவில் ஒரு ஜனாதிபதியும் உறங்கியிருக்கமாட்டார். ஒத்துக்கொள்கிறேன். பழைய பகையுள்ள பக்கத்து வீட்டுக்காரன் வந்ததற்கும், ஆபிரிக்க ஒன்றியம் ஐ.நா. அனுமதியோடு வந்ததற்கும் வித்தியாசம் இருக்கிறது.

ஆனால் 2007 மார்ச்சில் ஆறு மாத அனுமதியோடு வந்த படை அது. 2022இல் பெயரை மாற்றினார்கள், 2025இல் மறுபடி மாற்றினார்கள். படை அங்கேதான் நிற்கிறது. ஐயா ஐந்து வருஷம் கேட்டீர்கள், அவர்களுக்குப் பதினெட்டுக்கு மேல் கிடைத்தது. வடக்கே, தன்னைத் தனிநாடாக அறிவித்துக்கொண்ட சோமாலிலாந்தில் 1993இல் போராமா என்ற ஊரில் குலப் பெரியவர்கள் மாதக்கணக்காகக் குந்தியிருந்து பேசித்தான் ஓர் ஆட்சியை அமைத்தார்கள். ஒரு வெளிநாட்டுத் தாங்கியும் வரவில்லை.

புறக்கோட்டை நானா | இரவு 11.18

பேசி முடித்த அடுத்த வருஷமே அங்கேயும் சண்டை பிடித்தார்கள், தங்கச்சி. அதையும் சேர்த்து எழுதுங்கோ. பிறகு திரும்பவும் குந்திப் பேசினார்கள் என்பதையும்.

கோல்ரோட்டுக்காரன் | இரவு 11.26

போனது பிழை என்பதில் நான் நிற்கிறேன். ஆனால் அந்தத் துண்டு மண்டைக்குள் நின்று குடைகிறது. போசன், அந்த லொறிக்காரரிடம் அரசாங்கம் கொடுத்த துண்டு ஒன்றுகூடவா இருக்கவில்லை?

பழைய போசன் | இரவு 11.34

ஒன்று இருந்தது ஐயா. துறைமுகத்துத் துண்டு. கம்பியூட்டரில் அடித்து, ஒழுங்காகத் தேதி போட்டு. துறைமுகத்தை அப்போது நடத்தியது ஒரு துருக்கிக் கம்பெனி.

கோல்ரோட்டுக்காரன் | இரவு 11.36

சரி. காலையில் கிளினிக் இருக்கிறது. இதற்கு நாளை இரவு வருகிறேன்.