கடைந்த வெப்லி மார்க் 6: கடையில் வாங்கும் .45 ஏசிபி போடலாமா?

ஹூஸ்டன்வாசி:
வணக்கம். அண்மையில் ஒரு வெப்லி மார்க் 6 ரிவால்வர் வாங்கினேன். மேல்பட்டையில் 1917 என்று பொறித்திருக்கிறது. .455 தோட்டாவுக்காகப் பிறந்தது, ஆனால் யாரோ தோட்டா அறைகள் உள்ள உருளையின் பின்முகத்தைக் கடைந்து குறைத்திருக்கிறார்கள். ஹாஃப் மூன் கிளிப் எனும் அரைவட்டத் தகடு ஒவ்வொன்றிலும் மூன்றாக .45 ஏசிபி (பிஸ்டலுக்கான, துருத்தும் விளிம்பில்லாத) தோட்டாக்களைச் செருகி வைத்தால் ஆறும் சரியாக உட்காருகின்றன. "எந்த .45 ஏசிபியும் போடலாம், பயமே வேண்டாம்" என்றார் விற்றவர். எனக்கு மனசு ஒப்பவில்லை. அவ்வப்போது ரேஞ்சில் சுடத்தான் ஆசை. எதைப் போடுவது?

பழைய இரும்பு:
தாராளமாகப் போடுங்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இவை ராணுவ உபரியாக அமெரிக்காவில் மலிவாக விற்றன. அப்போது .455 தோட்டா கிடைப்பது அரிது, .45 ஏசிபி மூலைக் கடையிலும் கிடைத்தது. அதனால்தான் உருளையைக் கடைந்து விற்றார்கள். இத்தனை வருடமாக எத்தனையோ பேர் சாதாரண 230 கிரெய்ன் (கிரெய்ன் என்பது குண்டின் எடை அலகு) ஏசிபி ரவையைத்தான் சுடுகிறார்கள். பதுங்குகுழிச் சேற்றுக்கென்று செய்த ஆயுதம் இது. என்னிடமும் ஒன்று இருக்கிறது, இன்றுவரை ஒரு ஆட்டமும் இல்லை.

அழுத்தமானி:
கடுமையாக மறுக்கிறேன். எண்களைப் பாருங்கள். .455 மார்க் 2 தோட்டா என்பது 265 கிரெய்ன் ஈயக் குண்டு, விநாடிக்கு 600 அடியை ஒட்டிய வேகம், உச்ச அழுத்தம் சுமார் 13,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). .45 ஏசிபிக்கு அமெரிக்கத் தரம் அனுமதிக்கும் உச்சம் 21,000. ஐரோப்பிய முறையில் கைத்துப்பாக்கியின் பிரூஃப் சோதனைக்கு (பலம் பார்க்கும் சோதனை) 30 சதவீதம் கூடுதல் அழுத்தம் வைப்பார்கள். அந்தக் கணக்கில் .455க்கு 17,000 வரும். அதாவது, சோதனைக்காக ஒரு தடவை தாங்க வேண்டிய சுமையைவிட அதிகமானதை ஒவ்வொரு முறை விசையை இழுக்கும்போதும் அதன் தலையில் ஏற்றுகிறீர்கள். நூறு வயதைத் தாண்டிய எஃகு அது.

பழைய இரும்பு:
21,000 என்பது மேல் எல்லை. கடைத் தோட்டாக்கள் பெரும்பாலும் அதற்குக் கீழேதான் இருக்கும். முதல் உலகப் போரில் கோல்ட், ஸ்மித் அண்ட் வெசன் இரண்டும் எம்1917 ரிவால்வரை இதே ஏசிபி தோட்டாவுக்கு, இதே ஹாஃப் மூன் கிளிப்போடு செய்து கொடுத்தன. அதுவும் அதே காலத்து எஃகுதானே? அவை இன்றும் சுடுகின்றன.

அழுத்தமானி:
எம்1917 தொடக்கத்திலிருந்தே அந்தத் தோட்டாவுக்காக வடிவமைத்தது. மேலும் அதன் சட்டகம் ஒரே துண்டு. வெப்லி நடுவில் மடிந்து திறக்கும். கீழே ஒரு கீல், மேலே ஒரு கொக்கி, குழலையும் சட்டகத்தையும் பிடித்து வைப்பவை இவ்வளவுதான். கூடுதல் உதை முதலில் இந்த இரண்டு இடத்தையும்தான் தின்னும். கொக்கி தளரும், உருளை முன்னும் பின்னும் ஆடத் தொடங்கும், குழலுக்கும் உருளைக்கும் உள்ள இடைவெளி அகலும். "என்னுடையது வெடிக்கவில்லை" என்றால் இதுவரை வெடிக்கவில்லை, அவ்வளவுதான். இடைவெளியை ஃபீலர் கேஜ் (மெல்லிய அளவுத் தகடு) வைத்து அளந்து பார்த்திருக்கிறீர்களா?

பழைய இரும்பு:
அளந்ததில்லை. கையில் பிடித்தாலே தெரியும். சரி, பயப்படுகிறவர்களுக்கு 185 கிரெய்ன் இலக்குத் தோட்டா இருக்கிறதே? குண்டும் லேசு, உதையும் குறைவு.

ஈயம் உருக்குபவன்:
இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். உதை குறைவு என்பது கையில் தெரிவது, அறையின் உள்ளே எழும் அழுத்தம் வேறு. குண்டு லேசானால் அழுத்தமும் குறையும் என்று உத்தரவாதம் கிடையாது. தோட்டாப் பெட்டியில் பொதுவாக அழுத்த எண்ணும் அச்சிட்டிருக்காது. இன்னொன்று, வெப்லியின் குறிபார்க்கும் காட்சிமுனை 265 கிரெய்ன் குண்டுக்கு ஏற்றபடி அமைத்தது. லேசான, வேகமான குண்டு இலக்குக்குக் கீழே போய் விழும்.

யாரும் பேசாத விஷயம் உருளை அறையின் வாய். பல வெப்லிகளில் அந்த வாய், குழலின் உள்விட்டத்தைவிடக் கொஞ்சம் குறுகல். அதனால்தான் ராணுவத் தோட்டாவில் மெத்தென்ற ஈயமும் அடியில் குழிவும் வைத்தார்கள். குறுகலான வாயில் அந்த ஈயம் நசுங்கிக்கொண்டு வெளியே வரும், பிறகு பின்னால் இருக்கும் வாயுவின் வேகத்தில் அடிக்குழிவு விரிந்து, குழலின் வரிகளைப் பிடித்துக்கொள்ளும். செப்பு உறை போட்ட ரவையால் இது முடியாது. குறுகல் வாயில் அதைத் திணிக்கும்போது அழுத்தம் இன்னும் ஏறும். ஆகவே அழுத்தமானி சொன்ன கணக்குகூட எல்லாவற்றையும் சொல்லிவிடவில்லை.

என் வழி இதுதான்: .45 ஆட்டோ ரிம் கூடு (மருந்தும் குண்டும் வைக்கும் தோட்டா உறை) வாங்குங்கள். 1920இல் எம்1917 ரிவால்வர்களுக்காகவே வந்தது, தடித்த விளிம்பு உள்ளது, கிளிப்பே வேண்டாம். அதில் மென் ஈயக் குண்டு வைத்து, .455இன் பழைய வேகத்துக்கும் அழுத்தத்துக்கும் மட்டும் நிரப்ப வேண்டும்.

ஹூஸ்டன்வாசி:
மருந்தைக் குறைத்து நிரப்புவதென்றால் சாதாரண ஏசிபி கூட்டிலேயே செய்யலாமே? ஆட்டோ ரிம் கூடு விலை அதிகமாக இருக்கிறது.

ஈயம் உருக்குபவன்:
வேண்டாம். உங்களிடம் .45 பிஸ்டல் எதுவும் இருக்கிறதா? இருந்தால், ஒருநாள் ரேஞ்சில் இரண்டு பெட்டியும் கலந்துவிடும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும், முழு அழுத்தத் தோட்டா ஒன்று வெப்லிக்குள் போய்விடும். ஆட்டோ ரிம் கூட்டை ஒரு பார்வையில் அடையாளம் காணலாம். பிஸ்டல் மேகசினிலும் அது போகாது. விலை வித்தியாசத்தைக் கொடுத்து நிம்மதியை வாங்குங்கள்.

பழம்பொருள் காவலன்:
எதற்கு இந்தப் பாடெல்லாம்? இத்தாலியின் ஃபியோக்கி .455 மார்க் 2 தோட்டா செய்கிறது, 262 கிரெய்ன் ஈயக் குண்டு. அதையே போடுங்கள். 1917ஆம் ஆண்டு ஆயுதத்துக்கு அதுதான் மரியாதை.

அழுத்தமானி:
கடைந்த உருளையில் அது சரிவராது, ஐயா. .455 தோட்டாவின் விளிம்பு மெல்லியது. பின்முகத்தைக் குறைத்ததால் தோட்டா முன்னே தள்ளி உட்காரும், அடிமுள் போய்ச் சரியாகக் குத்தாது. கடையாத உருளை ஒன்று தேடிப் பிடிக்க வேண்டும். அதையும் சும்மா மாட்ட முடியாது. ஒவ்வோர் அறையும் குழலுக்கு நேராக வந்து நிற்கிறதா என்று துப்பாக்கித் தச்சர் பார்த்துச் சரிசெய்ய வேண்டும்.

பழம்பொருள் காவலன்:
தேடிப் பிடிக்கட்டும். ஒருமுறை கடைந்து கெடுத்தாயிற்று. மூல உருளையைப் பூட்டினால் மதிப்பும் திரும்பும், தோட்டா விவாதமும் ஓயும். இன்னொரு விஷயம், அமெரிக்கச் சட்டத்தில் 1898 வரை செய்ததற்கு மட்டும்தான் பழம்பொருள் சலுகை. 1917 அதில் சேராது. வாங்குவதற்கும் விற்பதற்கும் முன்பு அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய இரும்பு:
நீங்கள் எல்லோரும் சேர்ந்து பையனைப் பயமுறுத்திவிட்டீர்கள். நான் என் வெப்லியில் ஏசிபிதான் போடுவேன். ஆனால் அந்தத் தோட்டாக் கலப்பு விஷயம் நியாயமானதுதான், அதை மறுக்கவில்லை.

ஹூஸ்டன்வாசி:
எல்லோருக்கும் நன்றி. முதலில் தச்சரிடம் கொடுத்துக் கொக்கி, கீல், உருளை இடைவெளி மூன்றையும் அளக்கச் சொல்கிறேன். அதுவரை சுடப் போவதில்லை. அளவு நன்றாக இருந்தால் ஆட்டோ ரிம் வழி.

ஈயம் உருக்குபவன்:
அப்படியே ஆறு அறைகளின் வாயையும் தனித்தனியாக அளக்கச் சொல்லுங்கள், ஆறும் ஒரே அளவாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். அந்த எண்கள் கைக்கு வந்த பிறகு குண்டு வார்க்கும் அச்சு வாங்கலாம். அவசரப்பட்டு இப்போதே ஆர்டர் போட்டுவிடாதீர்கள்.