இலை அசையாத இரவும் எஃப்.எம். குறுக்கீடும்

மழை என்றால் ரேடியோ கரகரக்கும், வானம் தெளிந்தால் நன்றாகக் கேட்கும் என்று பலர் நம்புகிறார்கள். எஃப்.எம்.மைப் பொறுத்தவரை மேகத்தைவிடக் காற்றைத்தான் பார்க்க வேண்டும் என்பேன். இரவு முழுக்க இலைகூட அசையாமல் இருந்து விடிந்த ஒரு காலை, காரில் வழக்கமான நிலையத்தைக் கேட்டுக்கொண்டு போனேன். சிக்னலில் நின்றதும் வேறொரு மொழியில் செய்தி. வண்டி சில அடி நகர்ந்தது, பழைய பாட்டு திரும்பியது. மறுபடி நின்றால் மறுபடி செய்தி! எஃப்.எம்.மில் இரண்டு நிலையங்கள் பெரும்பாலும் கலந்து கேட்பதில்லை. பலமானது மற்றதை விழுங்கிவிடும். எது பலம் என்பது சில அடிக்குள் மாறுகிறது.

காரணம் தரையிலிருந்து தொடங்குகிறது. இரவில் தரை குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றையும் குளிரவைக்கிறது. மேலே இருப்பது வெதுவெதுப்பாகவும் உலர்ந்தும் இருக்கிறது. காற்று அலையை எவ்வளவு வளைக்கும் என்பதைக் காட்டுவது விலகல் எண். அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கை ஓர் அலகாகக் கொண்டால், உயரே போகப் போக அந்த எண் கிலோமீட்டருக்குச் சுமார் 40 அலகு குறைவது இயல்பு. அந்தச் சரிவு 157 அலகைத் தாண்டினால் அலை பூமியின் வளைவைவிட அதிகமாக வளைந்து, அந்த அடுக்குக்குள் சிக்கிக்கொண்டு வெகுதூரம் ஓடும். வெயில் ஏறித் தரை சூடானதும் அடுக்கு குலைந்துவிடும். அன்றும் காலைப்பொழுது முடிவதற்குள் பழைய பாட்டு மட்டுமே கேட்டது.

* * *

இதேபோன்ற குறுக்கீட்டை நான் பார்த்தது கடலோரத்தில், ஆன்டெனா வைத்த டிஜிட்டல் டி.வி.யில். படம் கட்டம் கட்டமாக உடைந்தது. அமைப்புத் திரையைத் திறந்தால் சிக்னல் பலம் காட்டும் கோடு முழுதாக நிற்கிறது, தரம் காட்டும் கோடு மட்டும் சரிந்து கிடக்கிறது. அதே சேனலில் தொலைதூரக் கோபுரம் ஒன்றும் வந்து மோதினால் இப்படித்தான் ஆகும். கடல்மேல் இது இரவோடு முடிவதில்லை. உயர் அழுத்த மண்டலத்தில் கீழிறங்கும் காற்று சூடாகி, ஈரக் காற்றின்மேல் மூடிபோல் நாள்கணக்கில் உட்கார்ந்துவிடும். 1957-இல் ஹவாயிலும் கலிபோர்னியாவிலும் இருந்த அமெச்சூர் வானொலிக்காரர்கள் 144 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசிக்கொண்டது, ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர், இந்த மூடியின் தயவில்தான்.

* * *

ஒன்றைச் சேர்க்கிறேன். கோடை நண்பகலில் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள நிலையம் திடீரென முழங்கிச் சில நிமிடங்களில் மறைந்தால், வானிலையைத் தேட வேண்டாம். அது பெரும்பாலும் சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் மின்னேற்றம் பெற்ற காற்றடுக்கான அயனி மண்டலத்தின் வேலை.