செகண்ட் ஹேண்ட் பிக்கப், ட்ரெய்லர் மாட்டினால் ஏற்காடு மலையில் கொதிக்கிறது. அவசரம்!

காப்பிக்காடு
வணக்கம். போன மாதம் செகண்ட் ஹேண்டில் ஒரு பிக்கப் எடுத்தேன். பின்னால் ஹுக் வைத்து ட்ரெய்லர் மாட்டியிருக்கிறேன். சேலத்துக்குள் ஓடும்போது ஒரு குறையும் இல்லை. அடிவாரம் தாண்டி ஏறினால் பத்தாவது வளைவுக்குள் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக்குப் போய்விடுகிறது. நேற்று ஓரம் கட்டி முக்கால் மணி நேரம் நின்றேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் காப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் பல்பர் இயந்திரத்தை மேலே ஏற்றியாக வேண்டும், பழம் சிவந்துவிட்டது. பறித்த அன்றே தோல் உரிக்காவிட்டால் புளித்துப்போகும். என்ன கோளாறாக இருக்கும்? சீக்கிரம் சொல்லுங்கள்.

சங்ககிரி லோடு
என்ன வண்டி, எந்த வருஷம்? ட்ரெய்லரில் எவ்வளவு எடை? எந்தக் கியரில் ஏறுகிறீர்கள்? ரேடியேட்டரில் கூலண்டா, வெறும் தண்ணீரா?

செவ்வாய்ப்பேட்டை பட்டறை
தெர்மோஸ்டாட்தான், ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகும் வழியைத் திறந்து மூடும் வால்வு. கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டுங்கள். நம் ஊர் வெயிலுக்கு அது தேவையே இல்லை.

டிஎன்30 டீசல்
இந்தக் கேள்வி மாதம் ஒரு முறை வருகிறது. வண்டி வாங்கும் முன் ட்ரெய்லரின் எடையையாவது தெரிந்துகொண்டீர்களா? பிக்கப் என்றால் எதையும் இழுக்கும் என்று நினைப்பவர்களுக்குக் கடைசியில் மலைதான் பாடம் நடத்துகிறது. அடிப்படையைப் படித்துவிட்டு வாருங்கள், அப்புறம் பேசலாம்.

கொட்டச்சேடு
அவர் அவசரத்தில் கேட்கிறார், கொஞ்சம் பொறுமையாகப் பேசலாமே அண்ணா. காப்பிக்காடு, குப்பனூர் வழியாக ஏறிப் பாருங்கள். வளைவுகள் குறைவு, எஞ்சினுக்குச் சிரமம் இல்லை.

சங்ககிரி லோடு
வளைவு குறைந்தால் ஏற வேண்டிய உயரம் குறைந்துவிடுமா? எந்த வழியில் போனாலும் ஏற்காடு 1500 மீட்டர்தான். அந்த உயரத்தில் வெறும் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதைக் கொதிக்க விடாமல் வைத்திருப்பது ரேடியேட்டர் மூடியின் அழுத்தம். மூடியின் ரப்பர் காய்ந்து வெடித்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள், சின்னச் செலவுதான். பழைய வண்டியில் போர் தண்ணீரையே ஊற்றி ஓட்டியிருப்பார்கள். நம் பக்கத்து உப்புக்குக் குழாய்க்குள் வெள்ளையாகப் படிந்திருக்கும்.

காப்பிக்காடு
பொலிரோ பிக்கப், 2014. எடை சரியாகத் தெரியவில்லை, பல்பரும் ஒரு ஜெனரேட்டரும். ஹுக்கைச் சீலநாயக்கன்பட்டியில் ஒரு பட்டறையில் வெல்டிங் வைத்தோம். முன்பு வைத்திருந்தவர் டயரை 235 மி.மீ. அகலமாக்கியிருக்கிறார். முன்னால் கம்பி கார்டு, அதற்குள் தகடு, நான்கு ஃபாக் விளக்கு. பார்க்க நன்றாக இருந்ததால்தான் எடுத்தேன். படம் போட்டிருக்கிறேன்.

நாலு சக்கரம்
டயர்தான் காரணம். கம்பெனி கொடுத்தது 215/75 ஆர்15. அதை 235/75 ஆக்கினால் சக்கரத்தின் சுற்றளவு 4 சதவீதம் கூடும். எல்லாக் கியரும் அந்த அளவுக்குக் கனமாகிவிடும். வெறும் வண்டியில் தெரியாது. லோடு மாட்டி ஏறும்போது எஞ்சின் திணறும், கிளட்சை மிதித்து மிதித்துச் சமாளிப்பீர்கள். கிளட்ச் வாடை வருகிறதா?

ஓமலூர் ரோடு
4 சதவீதத்தில் எஞ்சின் கொதிக்காது தம்பி. படத்தில் கார்டைப் பாருங்கள். கிரில்லில் பாதியைத் தகடு மூடியிருக்கிறது, மீதியை விளக்குகள் மறைக்கின்றன. பைபாஸில் வேகத்தில் காற்று எப்படியாவது உள்ளே போய்விடும். மலையில் செகண்ட் கியரில் 20-ல் ஏறும்போது ஃபேன் இழுப்பதுதான் காற்று. அதையும் தடுத்தால் எங்கே ஆறும்?

ஃபேனையும் சோதியுங்கள். எஞ்சின் நன்றாகச் சூடானதும் ஆஃப் செய்துவிட்டுக் கையால் சுற்றுங்கள். இறுக்கமாக, பிசின் மாதிரி திரும்ப வேண்டும். கலகலவென்று சுற்றினால், ஃபேனை எஞ்சினோடு இணைக்க நடுவில் இருக்கும் விஸ்கஸ் கிளட்சில் சிலிக்கோன் எண்ணெய் கசிந்துவிட்டது என்று அர்த்தம். அந்தக் குமிழைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கில் புழுதி அப்பியிருக்கும். என் வண்டியிலும் இதேதான். ஒரு வருஷம் ரேடியேட்டரையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றாதீர்கள். அடைத்துக்கொண்டிருந்தால் புதிது போடுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை பட்டறை
30 வருஷமாகக் கழற்றிவிட்டுத்தான் அனுப்புகிறேன். ஒருவரும் திரும்பி வந்ததில்லை.

டிஎன்30 டீசல்
கார்டு விஷயம் வேறு. 2017 டிசம்பரிலேயே மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இந்தக் கார்டுகளை அகற்றச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி குற்றம். எஃப்.சி.க்குப் போனால் தெரியும். ட்ரெய்லருக்குத் தனி ஆர்.சி. இருக்கிறதா?

அதைவிடப் பெரிய விஷயத்தை ஒருவரும் கேட்கவில்லை. ஏறுவதைப் பற்றியே பேசுகிறீர்கள். அந்த ட்ரெய்லருக்குப் பிரேக் இல்லை. அதோடு 20 வளைவும் எப்படி இறங்குவீர்கள்?

கொட்டச்சேடு
நியூட்ரலில் மெதுவாக இறங்கினால் போதும், டீசலும் மிச்சம். எங்கள் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான்.

சங்ககிரி லோடு
தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கியரில் போட்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் போவதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்கு டீசல் எரியும். மிச்சம் என்பதே தப்புக் கணக்கு. மேலும் நியூட்ரலில் முழுப் பாரமும் பிரேக்கில் விழும். பாதி மலையிலேயே லைனிங் சூடேறிக் கருகிய வாடை வரும், பெடல் கெட்டியாக இருக்கும், வண்டி மட்டும் நிற்காது. அந்த நிமிடத்தை நான் பார்த்திருக்கிறேன். ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

கொட்டச்சேடு
என் அப்பா காலத்திலிருந்து இறங்குகிறோம், ஒன்றும் ஆனதில்லை.

நாலு சக்கரம்
அப்பா காலத்தில் பின்னால் பிரேக் இல்லாத ட்ரெய்லர் இருந்ததா? சரி, இது வேறு திசையில் போகிறது. காப்பிக்காடு, கிளட்ச் வாடை வருகிறதா இல்லையா?

ஓமலூர் ரோடு
இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஹுக்கைச் சேசிஸில் போல்ட் போடவில்லை, பின் பம்பர் குழாயில் ஒட்டியிருக்கிறார்கள். வெல்டிங்கின் இடது ஓரத்தில் முடி அளவுக்குத் துருக் கோடு ஓடுகிறது. பெயின்ட் அங்கே மட்டும் உரிந்திருக்கிறது. அது விரிசல். இதோடு லோடு இழுக்காதீர்கள். சேசிஸின் இரண்டு பக்கமும் தகடு வைத்துப் போல்ட்டில் பிடிக்கச் சொல்லுங்கள். ஹுக் விட்டாலும் ட்ரெய்லர் தனியாக ஓடாதபடி இரண்டு சங்கிலி குறுக்காகப் போடுங்கள். பாரத்தை அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் வையுங்கள். பின்னால் கனம் இருந்தால் இறக்கத்தில் வாலாட்டும்.

சங்ககிரி லோடு
படத்தை இப்போதுதான் பார்க்கிறேன். சரியாகச் சொன்னீர்கள். காப்பிக்காடு, பதில் போடுங்கள்.

நாலு சக்கரம்
இரண்டு நாளாயிற்று. ஆள் எங்கே?

காப்பிக்காடு
மன்னிக்கவும், தோட்டத்தில் சிக்னல் இல்லை. கார்டு, தகடு, விளக்கு எல்லாம் கழற்றியாயிற்று. ரேடியேட்டர் இடுக்கில் மண்ணும் காய்ந்த புல்லும் அடை போல அப்பியிருந்தன, தண்ணீர் அடித்துக் கழுவினோம். ஃபேன் நீங்கள் சொன்னபடியே கலகலவென்று சுற்றியது, புதிய ஃபேன் கிளட்ச் போட்டாயிற்று. வெறும் வண்டியில் மேலே வந்தேன், முள் பாதியைத் தாண்டவில்லை. பல்பரை வாடகை லாரியில் ஏற்றிவிட்டேன். நாளை பறிப்பு. நன்றி.

ஓமலூர் ரோடு
சந்தோஷம். ஹுக்கை மாற்றினீர்களா?

ஓமலூர் ரோடு
காப்பிக்காடு, ஹுக்?