கண்ணில் ஓயாமல் நீர் வடிந்தவர்கள், என்ன செய்தீர்கள்?

பெரம்பூர்வாசி:
அம்மாவுக்கு இடது கண்ணில் மட்டும் எந்நேரமும் தண்ணீர். முந்தானையால் துடைத்துத் துடைத்துக் கண்ணோரத் தோலே புண்ணாகிவிட்டது. "வயசானா அப்படித்தான்" என்று அவரே முடிவு கட்டிவிட்டார். வற்புறுத்தி எழும்பூர் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். (1819-இல் தொடங்கிய ஆஸ்பத்திரி, கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்.)

மூக்கை ஒட்டிய கண் மூலையில், இமை விளிம்பில் மேலும் கீழும் ஒரு பொடித் துளை இருக்கிறது. கண்ணீர் அது வழியாகத்தான் மூக்குக்குள் இறங்கும். அழுதால் மூக்கு ஒழுகுவது அதனால்தான். மரத்துப்போக சொட்டு விட்டு, முனை மழுங்கிய ஊசியால் கீழ்த்துளையில் உப்புநீரை மெல்லச் செலுத்தினார் டாக்டர்.

"தொண்டையில உப்புக் கரிக்குதாம்மா?"

"ஒண்ணும் தெரியலையேப்பா."

போன நீர் மேல்துளை வழியாகத் திரும்பி வந்து கன்னத்தில் வழிந்தது. சரி, அடைப்புதான். டி.சி.ஆர். என்ற ஆபரேஷனில் கண்ணீர்ப் பையிலிருந்து மூக்குக்குப் புது வழி போட்டார்கள். கொஞ்ச நாள் மூக்கைச் சிந்தக்கூடாது என்றதுதான் அம்மாவுக்குப் பெரிய தண்டனை.

ஓ.எம்.ஆர். ஆபீஸ்காரன்:
எனக்கு வேறு கதை. துளையெல்லாம் திறந்துதான் இருந்தது, கண் வறண்டிருக்கிறது என்றார்கள். வறண்ட கண்ணில் எப்படி சார் தண்ணீர் என்று வாதாடினேன். கண்ணீரின் மேல்படலத்தில் எண்ணெய் குறைந்தால் ஈரம் சட்டென்று ஆவியாகி எரியும். அந்த எரிச்சலுக்குத்தான் கண் தண்ணீரைக் கொட்டுகிறதாம். தலைக்கு மேல் ஏசி, முன்னால் இரண்டு மானிட்டர்; திரையைப் பார்க்கும்போது இமை கொட்டுவதே குறைந்துவிடும். இப்போது வெதுவெதுப்பான துணி ஒத்தடம், இமை விளிம்பை நீவுவது, டாக்டர் எழுதிக்கொடுத்த செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு. ஏசிக்குக் கீழிருந்து இடம் மாறியதில்தான் பாதி குணம் என்பேன்.

பாப்பா அம்மா:
எங்கள் பாப்பாவுக்குப் பிறந்ததிலிருந்தே ஒரு கண்ணில் நீரும் பீளையும். மாமியார் கண்ணில் தாய்ப்பால் விடச் சொன்னார், டாக்டர் கூடவே கூடாது என்றார். கண் மூலையிலிருந்து மூக்கோரமாகக் கீழ்நோக்கி விரலால் அழுத்தி நீவக் கற்றுக்கொடுத்தார். அடைத்திருக்கும் கண்ணீர் வழி பெரும்பாலும் ஒரு வயதுக்குள் தானே திறந்துகொள்ளும், இல்லாவிட்டால் மெல்லிய கம்பி விட்டுத் திறப்பார்களாம். எங்களுக்கு நீவியதிலேயே சரியானது.

பெரம்பூர்வாசி:
இன்னொன்று. மெட்ராஸ் ஐ சமயத்தில் நீர் வடிந்தால் மருந்துக்கடையில் ஏதோ ஒரு சொட்டு வாங்கி விடுகிறோம். அதில் ஸ்டீராய்டு இருந்து, கேட்பாரில்லாமல் விட்டுக்கொண்டே போனால் கண்ணழுத்தம் ஏறிவிடும். அப்புறம், கண் மூலை வீங்கிச் சிவந்து வலித்தால் அன்றைக்கே போய்க் காட்டுங்கள். அது கண்ணீர்ப் பையில் சீழ் பிடித்ததாக இருக்கலாம்.