சில காலைகளில் என் கணினி 2012ஆம் ஆண்டில் கண்விழிக்கிறது: காரணம் என்ன?

பழையபெட்டி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் மேசைக் கணினியின் தாய்ப்பலகை 2012ஆம் ஆண்டைச் சேர்ந்தது. நினைவகம், எஸ்எஸ்டி, மின்விசிறி, மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ், வெளிப்பெட்டி என்று ஒவ்வொன்றாக மாற்றிவிட்டதால், அதில் பழையது என்று சொல்ல இப்போது எஞ்சியிருப்பவை அந்தப் பலகையும் அதைக் கைவிட மறுக்கும் என் பிடிவாதமும்தான். விண்டோஸ், லினக்ஸ் இரண்டையும் தனித்தனிப் பகிர்வுகளில் வைத்திருக்கிறேன்.

சில காலைகளில் விண்டோஸைத் திறந்தால் தேதி 2012 ஜனவரி 1 என்று காட்டுகிறது. உலாவியில் எந்தத் தளத்தைத் திறந்தாலும், அதன் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவில்லை என்று எச்சரித்து என்னை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. வேறு சில நாள்களிலோ தேதி சரியாக இருக்கிறது. கடிகாரம் மட்டும் சில மணி நேரம் பிசகியிருக்கிறது. அந்தப் பிசகு ஒவ்வொரு முறையும் ஒரே அளவாக இருப்பதுதான் எனக்கு விந்தையாகப் படுகிறது. லினக்ஸில் இப்படிப் பெரிய குழப்பம் எதுவும் வருவதில்லை. தொடங்கியவுடன் முந்தைய நாள் இரவு நேரத்தைச் சிறிது காட்டிவிட்டு, பிறகு தானாகவே சரியாகிவிடுகிறது.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. விண்டோஸில் சி மொழியில் ஒரு சிறு நிரலை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு கோப்பைத் திருத்திச் சேமித்துவிட்டு நிரலை இயங்கும் வடிவமாகத் தொகுக்கும் ‘மேக்’ கட்டளையைக் கொடுத்தால், செய்வதற்கு எதுவும் இல்லை என்று அது பதில் சொல்கிறது. நான் திருத்தியது என் கண்முன்னே திரையில் இருக்கிறது. இயங்குவதோ பழைய நிரல். வைரஸ் சோதனை செய்துவிட்டேன், விண்டோஸ் புதுப்பிப்புகள் அனைத்தையும் நிறுவிவிட்டேன், பலன் இல்லை. விண்டோஸை அழித்துவிட்டு மீண்டும் நிறுவுவதற்கு முன் உங்களைக் கேட்டுக்கொள்ளலாம் என்று வந்தேன்.

சும்மாவந்தவர்

கணினியே தன் பிறந்த ஆண்டைத் தினமும் நினைவூட்டுகிறது என்றால், அது ஓய்வூதியம் கேட்கிறது என்று பொருள். புதியது ஒன்றை வாங்கிவிடுங்கள்.

பழையபெட்டி

தங்கள் அறிவுரைக்கு நன்றி. இதே அறிவுரை வீட்டில் எனக்கு இலவசமாகவே கிடைக்கிறது.

திருப்புளி

நண்பரே, எதையும் அழிக்க வேண்டாம். முதலில் இரண்டு விவரங்கள் தேவைப்படுகின்றன. தேதி 2012க்குப் போகும் காலைகளுக்கு முந்தைய இரவில், கணினிக்கு வரும் மின்சாரம் சுவரிலேயே முழுமையாக அணைக்கப்பட்டிருந்ததா, அல்லது கணினியை மட்டும் நிறுத்திவிட்டு இணைப்பை அப்படியே விட்டிருந்தீர்களா? அந்தக் காலைகளில், விண்டோஸ் தொடங்குவதற்கு முன்பே கறுப்புத் திரையில் ஏதேனும் செய்தி தோன்றுகிறதா?

பழையபெட்டி

நீங்கள் கேட்ட பிறகு சில இரவுகள் கவனித்துப் பார்த்தேன். நான் கடைசியாகப் படுக்கும் இரவுகளில் கணினியை நிறுத்துவதோடு சரி; எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் அணைக்கப்படாமலே இருக்கும். அம்மா கடைசியாகப் படுத்தால், வீட்டில் சிவப்பு விளக்கு எரியும் எந்தச் சுவிட்சையும் அவர் விட்டுவைப்பதில்லை. 2012 வருவதெல்லாம் அம்மா அணைத்த இரவுகளுக்குப் பிறகுதான். ஒன்றுகூட விதிவிலக்கு இல்லை. அந்தக் காலைகளில் அமைப்புகள் இழக்கப்பட்டன, எஃப்1 விசையை அழுத்தவும் என்ற செய்தியும் வருகிறது. நான் வைத்திருந்த தொடக்க வரிசையும் மாறி, செருகியிருக்கும் யுஎஸ்பி வட்டைத் தேடி முதலில் போகிறது.

ஆனால் சில மணி நேரப் பிசகு இந்தக் கணக்கில் அடங்கவில்லை. அது அம்மா அணைக்காத நாள்களிலும் வருகிறது.

திருப்புளி

அந்தக் கடைசி வரிதான் இந்த இழையிலேயே மிகவும் பயனுள்ள வரி. இரண்டு நோய்கள் ஒரே காய்ச்சலாக வெளிப்பட்டு உங்களைக் குழப்பியிருக்கின்றன. முதலாவதை நான் சொல்கிறேன். இரண்டாவதை லினக்ஸ் பயன்படுத்துவோர் எவரேனும் என்னைவிடத் தெளிவாகச் சொல்வார்கள்.

தாய்ப்பலகையில் நேரத்தைக் காக்கும் கடிகாரச் சுற்று ஒன்று தனியாக இருக்கிறது. ஐபிஎம் நிறுவனம் 1981இல் வெளியிட்ட முதல் பிசியில் இப்படி ஒரு வசதி இல்லாததால், ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் அதன் இயங்குதளமான டாஸ் இன்றைய தேதி என்ன, நேரம் என்ன என்று பயனரையே கேட்டது. அந்தக் காலத்தில் உங்கள் பிரச்சினை ஒரு பிரச்சினையாகவே கருதப்பட்டிருக்காது. 1984இல் வந்த பிசி ஏடியில் மோட்டோரோலாவின் எம்சி146818 என்ற சில்லு சேர்க்கப்பட்டது. அதன் 64 பைட்டுகளில் 14 பைட்டுகள் கடிகாரத்துக்கும் அதன் கட்டுப்பாட்டுக்கும் போக, மீதி 50 பைட்டுகளில் கணினியின் அமைப்புகள் சேமிக்கப்பட்டன. கடிகாரமும் அமைப்புகளும் ஒரே பேட்டரியை நம்பி வாழும் வழக்கம் அங்கே தொடங்கியது. தேதி போகும்போது உங்கள் தொடக்க வரிசையும் கூடவே போவதற்கு அதுதான் காரணம்.

எஸ்எம்பிஎஸ்ஸுக்கு மின்சாரம் வந்துகொண்டிருக்கும் வரை, கணினி நிறுத்தப்பட்டிருந்தாலும், அதன் 5 வோல்ட் காத்திருப்பு மின்னோட்டத்திலிருந்தே அந்தக் கடிகாரம் பிழைத்துக்கொள்கிறது. பேட்டரிக்கு வேலையே இல்லை. சுவரில் அணைத்த கணத்திலிருந்து பேட்டரி ஒன்றுதான் துணை. உங்களுடைய பேட்டரி தீர்ந்துவிட்டது. அம்மா அணைக்கும் இரவுகளில் மட்டுமே அது அம்பலமாகிறது. கடிகாரம் நினைவிழந்ததும், கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் நிரலான பயாஸ் தனக்குத் தெரிந்த தொடக்கத் தேதியைப் போட்டுக்கொள்கிறது. பெரும்பாலும் அது பயாஸ் வெளியான ஆண்டின் ஜனவரி 1ஆக இருக்கும்.

கடிகாரத்துக்குத் துடிப்பு தரும் படிகம் கெட்டுப்போயிருக்குமோ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அந்தக் குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அந்த எண்ணை 15 முறை பாதியாக்கினால் நொடிக்கு ஒரு துடிப்பு கிடைக்கும். பத்து லட்சத்துக்கு 20 என்ற அளவில் அது பிசகினாலும் ஒரு நாளுக்கு 2 நொடிகூட வராது. ஒரே இரவில் பல ஆண்டுகள் பின்னால் தாவுவது படிகத்தால் முடிகிற காரியம் இல்லை.

பேட்டரி பெரும்பாலும் சிஆர்2032 வகையாக இருக்கும். அந்தப் பெயரிலேயே அளவு அடங்கியிருக்கிறது: விட்டம் 20 மில்லிமீட்டர், தடிமன் 3.2 மில்லிமீட்டர். அதன் கொள்ளளவு சுமார் 220 மில்லியாம்பியர் மணி. கடிகாரம் 5 மைக்ரோஆம்பியர் எடுப்பதாகக் கொண்டால் 44,000 மணி நேரம், அதாவது கணினிக்கு மின்சாரமே தராமல் அலமாரியில் வைத்தாலும் ஏறக்குறைய 5 ஆண்டுகள் தாங்கும். மல்டிமீட்டர் இருந்தால் அளந்து பாருங்கள். புதியதில் 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும், 2.7க்குக் கீழே இறங்கியிருந்தால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள்.

மாற்றுவதற்கு முன் பயாஸ் திரைகள் ஒவ்வொன்றையும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சாட்டா பயன்முறை, அதாவது வட்டோடு தாய்ப்பலகை பேசும் முறை, எதுவென்பதைக் கட்டாயம் குறித்துக்கொள்ள வேண்டும். ஏஹெச்சிஐ என்று இருந்தது ஐடிஇ என்று மாறிவிட்டால், விண்டோஸ் தொடங்காமல் நீலத்திரையைக் காட்டும், அப்போது நீங்கள் பேட்டரியைச் சந்தேகிக்க மாட்டீர்கள். மின்கம்பியைக் கழற்றி, தொடக்கப் பொத்தானை ஒருமுறை அழுத்தி எஞ்சிய மின்சாரத்தை வெளியேற்றி, பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு, பிடிப்பானின் ஓரத்தில் உள்ள கொக்கியை மெல்ல நகர்த்தினால் பேட்டரி தானாக எழும்பும். என் புனைபெயர் எதுவாக இருந்தாலும், திருப்புளியால் அதை நெம்ப வேண்டாம். புதியதைக் கூட்டல் குறி மேலே தெரியும்படி வைக்கவும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் பழைய பேட்டரியை மேசைமேல் விடாதீர்கள். இந்த அளவுள்ள லித்தியம் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே கடுமையான புண்ணை உண்டாக்கிவிடும்.

பென்குவின்தோழி

இரண்டாவது நோய்க்கு வருகிறேன். அந்தச் சில மணி நேரப் பிசகு, உங்கள் ஊரின் நேரத்துக்கும் உலகப் பொது நேரத்துக்கும் உள்ள வேறுபாட்டுக்குச் சரியாகப் பொருந்துகிறதா என்று கணக்கிட்டுப் பாருங்கள். பொருந்தும் என்று நான் இப்போதே சொல்லிவிடுவேன். தாய்ப்பலகைக் கடிகாரத்தில் இருப்பது உலகப் பொது நேரம் என்று லினக்ஸ் எடுத்துக்கொள்கிறது. விண்டோஸோ அதை உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. இருவரும் ஒரே கடிகாரத்தில் எழுதுகிறார்கள், இருவருமே தாம் எழுதியதுதான் சரி என்று நம்புகிறார்கள். லினக்ஸை நிறுத்திவிட்டு விண்டோஸுக்குப் போகும் நாள்களில் மட்டும் பிசகு தெரிவது அதனால்தான்.

விண்டோஸை மாற்றுவதே நல்லது. விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில், கணினியின் நேர மண்டலத் தகவல் வைக்கப்படும் பகுதியில், ‘ரியல்டைம்இஸ்யூனிவர்சல்’ என்ற பெயரில் ஒரு மதிப்பை உருவாக்கி அதற்கு 1 என்று கொடுத்துவிட்டு மறுதொடக்கம் செய்யுங்கள். ரெஜிஸ்ட்ரியில் கை வைப்பதற்கு முன் நகல் எடுத்துக்கொள்வதைச் சொல்லத் தேவையில்லை. லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்றவும் வழி உண்டு. ஆனால் கோடைக்காலத்தில் கடிகாரத்தை நகர்த்தும் நாடுகளில் இரண்டு இயங்குதளங்களும் ஆளுக்கொரு முறை நகர்த்திவிடும் என்பதால் அதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

லினக்ஸ் பக்கம் 2012 ஏன் தெரியவில்லை என்ற கேள்விக்கும் விடை இருக்கிறது. லினக்ஸின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் நேர ஒத்திசைவுச் சேவை, கடைசியாகத் தான் அறிந்த நேரத்தை வட்டில் குறித்து வைத்துக்கொள்கிறது. தொடங்கும்போது கடிகாரம் அதற்கும் முந்தைய நேரத்தைக் காட்டினால், குறித்து வைத்த நேரத்துக்கு அதைத் தள்ளிவிடுகிறது. நீங்கள் பார்த்த ‘முந்தைய நாள் இரவு’ அதுதான். பிறகு வலையிலிருந்து சரியான நேரம் கிடைத்ததும் திருத்திக்கொள்கிறது. விண்டோஸும் வலையில் நேரத்தைக் கேட்கிறது. ஆனால் வேறுபாடு 54,000 நொடிக்கு, அதாவது 15 மணி நேரத்துக்கு மேல் இருந்தால், தனிக் கணினிகளில் உள்ள இயல்பு அமைப்பின்படி அந்தத் திருத்தத்தை ஏற்க மறுத்துவிடுகிறது. பல ஆண்டுகள் தள்ளி ஒரு நேரத்தை யாராவது சொன்னால் சொல்பவரைத்தான் சந்தேகிக்க வேண்டும் என்பது அதன் கொள்கை. கொள்கை நியாயமானதுதான், உங்கள் வீட்டில் செல்லாது என்பதைத் தவிர.

நிரல்நெசவு

‘மேக்’ மீது பழி சுமத்த வேண்டாம். ஒரு மூலக்கோப்பின் திருத்த நேரம் அதிலிருந்து உருவான கோப்பின் நேரத்தைவிடப் புதியதாக இருந்தால் மட்டுமே அது மீண்டும் தொகுக்கும். நீங்கள் 2012ஆம் ஆண்டில் திருத்திய கோப்பை, முந்தைய நாள் மாலை சரியான தேதியில் உருவான கோப்போடு ஒப்பிட்டுப் பார்த்து, பத்து ஆண்டுகளுக்கும் மேலாக யாரும் இதைத் தொடவில்லை என்று அது முடிவு செய்கிறது. கடிகாரத்தைச் சரிசெய்த பிறகு, உருவான கோப்புகள் அனைத்தையும் நீக்கிவிட்டு முழுவதையும் ஒருமுறை தொகுத்துவிட்டால் அந்தக் குழப்பம் தீரும்.

என் கவலை வேறு. காப்புநகல் எடுக்கும்போது, சேமிப்பிடத்தில் இருப்பது புதியதாக இருந்தால் தவிர்த்துவிடு என்ற விருப்பத்தைத் தேர்ந்திருக்கிறீர்களா? அப்படியென்றால், அந்தக் காலைகளில் நீங்கள் திருத்திய ஒவ்வொரு கோப்பும் பழையது என்று ஒதுக்கப்பட்டு, காப்புநகலில் பழைய வடிவமே நின்றிருக்கும். அடுத்த நகலை எடுப்பதற்கு முன், 2012 ஜனவரி தேதி தாங்கிய கோப்புகளைத் தேடி, கோப்பின் தேதியை மாற்றும் ‘டச்’ கட்டளையால் அவற்றின் தேதியை இன்றைக்குக் கொண்டுவாருங்கள். உண்மையாகவே 2012இல் எடுத்த நிழற்படங்கள் இருந்தால் அந்தக் கோப்புறைகளை மட்டும் விட்டுவிடுங்கள்.

பழையபெட்டி

மூவருக்கும் நன்றி. பழைய பேட்டரி 2.3 வோல்ட் காட்டியது. புதியதை வைத்து, படத்தைப் பார்த்து அமைப்புகளைத் திருப்பி, ரெஜிஸ்ட்ரி மதிப்பையும் சேர்த்தேன். எக்ஸ்டென்ஷன் பாக்ஸை இரவு முழுவதும் அணைத்து வைத்தும், லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு மாறியும் சோதித்தேன். தேதியும் நேரமும் அசையவில்லை. காப்புநகலைப் பற்றிய சந்தேகமும் சரியாகவே இருந்தது. ஒரு முழுக் கோப்புறையே தவிர்க்கப்பட்டிருந்தது; இப்போது அதையும் நகலெடுத்துவிட்டேன்.

ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. அம்மா இனியும் சுவரில் அணைத்தால் பேட்டரி விரைவில் தீர்ந்துவிடுமா? தடுக்கச் சொல்கிறீர்களா?

திருப்புளி

தடுக்க வேண்டாம். நான் சொன்ன 5 ஆண்டுக் கணக்கே எந்நேரமும் அணைத்து வைத்தால் ஆகும் கணக்குதான். இரவில் மட்டும் அணைத்தால் அதைவிடக் கூடுதலாகவே தாங்கும். மாற்றிய தேதியை ஒரு சிறு தாளில் எழுதிப் பெட்டியின் உட்புறம் ஒட்டிவையுங்கள்.

பழையபெட்டி

ஒட்டிவிட்டேன். அம்மாவிடமும் தெரிவித்தேன். அப்படியானால் பகலிலும் அணைக்கலாமா என்று கேட்கிறார்.