புதுப்பிப்பு: துப்பாக்கிக் குழலில் இருந்த நாலு கட்டம்

தெரிந்தவர் வீட்டுப் பழைய நீளத் துப்பாக்கியின் படத்தைப் போட்டு, குழலில் இருக்கும் குறிகள் என்னவென்று கேட்டிருந்தேனே, விடை கிடைத்துவிட்டது.

துப்பாக்கி உதுமானியத் துருக்கி பாணி. ஐந்து பட்டையாகச் செதுக்கிய மரக்கட்டை, பூட்டுத் தட்டுக்கு (சுடும் விசையைத் தாங்கும் தகடு) வெளியே துருத்தும் பெரிய வில் (ஸ்பிரிங்). இரண்டும் சேர்ந்தால் பெரிதாகச் சந்தேகப்பட வேண்டாம்.

குறிகள்தான் சுவாரசியம். கட்டத்துக்கு ஒன்றாக 2, 4, 6, 8. தலைகீழ் V மாதிரி இருப்பது அரபு 8. நம் கண்ணுக்கு 7 மாதிரித் தெரிவது 6. அரபு எழுத்துகளுக்கு எண்மதிப்பு உண்டு: பா 2, தால் 4, வாவ் 6, ஹா 8. இந்த எழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் 'புதூஹ்', காவலுக்கான தாயத்து. வாள்களிலும் இதைப் பொறிப்பார்கள். (வரிசை எண் என்று அடித்துச் சொன்னவர் டீ வாங்கித் தரணும்!)

உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாமென்று உரிமையாளரிடம் சொல்லிவிட்டேன். வெள்ளிப் பதிப்பு ஏற்கெனவே பாதி போய்விட்டது.